சாயம் ஏற்றாத விழித்திரை ஸ்கேன்: திருகோணமலையில் எடுத்தவள் சொல்வது

எங்கள் நகரத்தில் ஒரு தனியார் கண் நிலையத்தில் இப்போது ஓசிடி அன்ஜியோகிராபி என்ற ஸ்கேன் எடுக்கிறார்கள். விழித்திரையில் இரத்தம் எந்தெந்த நுண்குழாய்களில் ஓடுகிறது, எங்கே ஓடாமல் நின்றுவிட்டது என்பதைக் கையில் ஊசி குத்தாமல், சாயம் ஏற்றாமல், சில வினாடிகளில் படமாக எடுத்துத் தருகிற ஸ்கேன் அது. நானும் எடுத்தேன், என் தம்பியும் எடுத்தான். சீனி வருத்தம் உள்ளவர்கள் போகலாமா, கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்று உறவுக்காரரும் பழைய மாணவர்களும் கேட்டபடி இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே தரத்தில் விரிவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

போகலாம். காசுக்குப் பெறுமதிதான். ஆனால் அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்த விளக்கத்தை அங்கே போதிய அளவு தருகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. குறை சொல்லவும் இருக்கிறது, அதோடு நான் எழுத வந்தது முக்கியமாக ஸ்கேனைப் பற்றி.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எனக்கும் நீரிழிவு இருக்கிறது. தம்பிக்கு என்னை முந்திக்கொண்டு வந்தது. அவன் மூதூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். எங்கள் அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். அம்மாவின் பார்வை நோவில்லாமல், சிவக்காமல், கண்ணீர் வடியாமல் போனது. ஊசியில் நூல் கோக்க எங்களைக் கூப்பிடத் தொடங்கியபோது வயசு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது டொக்டர் சொன்னது, விழித்திரையில் நடக்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று. நீரிழிவு கண்ணைத் தாக்குகிற விதமே அப்படித்தான். நுண்குழாயின் சுவரைத் தாங்கி நிற்கிற கலங்கள் முதலில் சாகின்றன. சுவர் அங்கங்கே சின்னதாகப் புடைக்கிறது. சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி பட்டினி கிடந்து, புதிய குழாய் வளரச் சொல்லிச் சமிக்ஞை அனுப்புகிறது. அப்படி வளர்கிற குழாய்களுக்கு உறுதி கிடையாது, உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். இந்தக் கட்டங்களில் பாதிக்கு மேல் ஆளுக்கு எதுவுமே தெரியாது. ஆகவே நுண்குழாய் அடைபடத் தொடங்கும்போதே அதைப் பார்க்க ஒரு வழி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது என்றால், எனக்கு அது பெரிய விஷயம்.

தம்பி இதற்கு முன் சாயம் ஏற்றி எடுக்கிற பழைய சோதனையை வேறொரு ஊரில் செய்திருந்தான். கையின் நாளத்தில் புளோரசீன் என்ற சாயத்தை ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து வினாடிக்குள் அது கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளியைப் பாய்ச்சினால் சாயம் மஞ்சட்பச்சையாக ஒளிரும், அதை வரிசையாகப் படம் எடுப்பார்கள். நல்ல சோதனை. 1961இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஹரல்ட் நொவொட்னி, டேவிட் அல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் யாருடைய கையில் ஏற்றிப் பார்ப்பது என்று நாணயம் சுண்டிப் பார்த்து, தோற்றவர் அல்விஸ் என்று சொல்வார்கள். கண் வைத்தியம் அறுபது ஆண்டுகளாக அந்த இருவருக்கும் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் தம்பிக்கு அந்த நாள் நல்ல நாளாக அமையவில்லை. சாயம் ஏறிய உடனே வயிற்றைப் புரட்டி வாந்தி எடுத்துவிட்டான். தோல் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்துச் சிறுநீரகமே போய்விட்டது என்று பயந்து, இரவெல்லாம் நித்திரை கொள்ளவில்லை. இது எல்லாமே அந்தச் சாயத்தால் வழமையாக வரக்கூடியவைதான், ஒரு நாள் ஒன்றரை நாளில் போய்விடும். அதை அவனுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ஒரு வசனம் போதுமாக இருந்திருக்கும். அந்த ஒரு வசனம் இல்லாததால் "அக்கா, கண் போனாலும் பரவாயில்லை, இனி அந்தப் பக்கம் போகமாட்டன்" என்று அடுத்த பரிசோதனைகளையெல்லாம் தள்ளிப்போட்டான். ஊசியில்லை, சாயமில்லை என்று சொல்லித்தான் இந்த ஸ்கேனுக்கு அவனைக் கூட்டி வர முடிந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்ததிலிருந்து மூதூரிலிருந்து வருவது முன்னைப்போலக் கஷ்டமில்லை. காலை பஸ்ஸில் ஏறி வந்துவிட்டான்.

நிலையம் சின்னது. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஒரு கூடம், சுவரோரம் கதிரைகள், ஒரு மின்விசிறி. நம்பர் தந்து இருத்துகிறார்கள். என் வாசிப்புக் கண்ணாடியின் அளவு, கடைசியாக எடுத்த சீனி ரிப்போர்ட், பிரஷர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு கண்மணியை விரிக்கிற துளிமருந்து விட்டார்கள். ஸ்கேனுக்கு மட்டும் என்றால் சிலருக்கு அது தேவைப்படாது. ஆனால் டொக்டர் விழித்திரை முழுவதையும் தன் கண்ணால் பார்க்க விரும்பினார், அதுதான் சரி. மருந்து விட்ட பிறகு எங்கள் ஊர் வெயிலில் வெளியே இறங்குவது பெரிய பாடு, எல்லாம் வெள்ளையாகத் தெரியும். கறுப்புக் கண்ணாடியோ குடையோ கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள். இதை நேரம் எடுக்கத் தொலைபேசியில் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் இருந்தவர்களில் பலர் அங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஸ்கேன் எடுக்கிற பிள்ளையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகிற பிள்ளை. எனக்கு முன்னால் திருக்கடலூரிலிருந்து வந்த வயதான ஐயா ஒருவர் இருந்தார், கடலுக்குப் போகிறவர். அவருக்குக் கழுத்து வளையவில்லை, நாடியை மெஷினில் வைத்தால் நெற்றி முட்டவில்லை, நெற்றி முட்டினால் நாடி எழும்பிவிடுகிறது. அந்தப் பிள்ளை மேசையை உயர்த்தி, கதிரையைத் தாழ்த்தி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை மடித்து வைத்து, "ஐயா, உள்ளுக்குத் தெரியிற குறியை மட்டும் பாருங்கோ. நான் சொல்லும்வரைக்கும் இமைக்க வேண்டாம். இப்ப நல்லா இமைச்சுக்கொள்ளுங்கோ. சரி, இப்ப பாருங்கோ" என்று சொல்லிச் சொல்லி எடுத்தது. முதல் படம் கலங்கிவிட்டது. திரும்ப எடுத்தது. அதுவும் சரியில்லை, கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் எடுத்தது. குரலில் ஒரு சின்னச் சலிப்புக்கூட இல்லை. இந்த ஸ்கேனில் படம் நன்றாக வருவதும் வராததும் பாதி அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் கையில் இருக்கிறது. அந்த வகையில் எங்கள் ஊருக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறது.

என் முறை வந்தபோது எத்தனை வினாடி எடுக்கும் என்று கேட்டேன். "மூண்டு செக்கன் மாதிரித்தான் ரீச்சர், ஆனா ரெண்டு தரம் எடுக்கும்" என்றது. அந்த மூன்று வினாடிக்குப் பின்னால் இருக்கிற வேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். அதைக் கொஞ்சம் விளக்காமல் என்னால் மேலே எழுத முடியாது.

ஓசிடி என்பது ஒளியை வைத்து ஆழம் அளக்கிற முறை. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருகிற இரண்டையும் சேர்க்கிறார்கள். இரண்டும் கடந்த தூரம் சமமாக இருக்கிற இடத்தில்தான் தலையீட்டுக் கோலம், அதாவது இரண்டு ஒளியலைகளும் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் உண்டாக்குகிற கோலம், கிடைக்கும். உயர்தர மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே பாடம். இதை வைத்து 1991இல் டேவிட் ஹுவாங், எரிக் சுவான்சன், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலானோர் விழித்திரையின் அடுக்குகளை வெட்டாமலே வெட்டுமுகமாகக் காட்டினார்கள். ஹுவாங் அப்போது மாணவர். சுவான்சன் செய்மதிகளுக்கிடையே லேசரால் தகவல் அனுப்புகிற வேலையில் இருந்த பொறியியலாளர். 2023இல் மூவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லஸ்கர் விருது கொடுத்தார்கள்.

அது அடுக்குகளைக் காட்டிய முறை. இரத்தம் ஓடுவதை எப்படிக் காட்டுவது? கோணேசர் கோயில் மலையில் நின்று கடலை ஒரு படம் எடுத்துவிட்டு, அசையாமல் நின்று கொஞ்ச நேரத்தில் இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பாறை பாறையாகவே இருக்கும், வள்ளங்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். மாறாததையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது வள்ளங்கள் போன பாதை. ஸ்கேனும் விழித்திரையின் ஒரே வரிசையை இரண்டு தரம் படிக்கிறது. திசு அப்படியே இருக்கும், சிவப்பணுக்கள் மட்டும் நகர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால் இரத்தம் ஓடுகிற குழாய்களின் படம் வந்துவிடும். சாயம் தேவையில்லை, இரத்தத்தின் அசைவே போதும்.

இதற்கு வேகம் வேண்டும். எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஸ்கேன் சந்தைக்கு வந்த தொடக்க காலத்து மெஷின்களில் பெயர் பெற்ற ஒப்டோவ்யூ அவாந்தியை எடுத்துக்கொள்வோம். பார்வையின் நடுவிடத்தில் 3 மில்லிமீற்றர் சதுரம். அதில் 304 வரிசை, வரிசைக்கு 304 இடம், ஒவ்வொரு வரிசையும் இரண்டு தரம். பெருக்கினால் 184,832. ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழ்வரை ஆழம் முழுவதையும் படிக்க வேண்டும். அந்த மெஷின் வினாடிக்கு 70,000 இடங்களைப் படிக்கும், ஆகவே ஏறக்குறைய 2.6 வினாடி. 2002 அளவில் வந்த பழைய ஓசிடி மெஷின் வினாடிக்கு 400 இடங்களைத்தான் படித்தது. அதில் இதே வேலைக்கு 462 வினாடி, அதாவது ஏழரை நிமிடத்துக்கு மேல், கண்ணை அசைக்காமல், இமைக்காமல் இருக்க வேண்டும். எந்த மனிதராலும் முடியாது. ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும்போதுகூட எங்கள் கண் சின்னச் சின்னதாகத் துள்ளியபடிதான் இருக்கிறது. ஆழத்தைப் படிப்படியாகத் தேடாமல், திரும்பி வரும் ஒளியின் நிறமாலை முழுவதையும் ஒரே தரத்தில் பிடித்துக் கணிதத்தால் பிரித்தெடுக்கிற முறை வந்த பிறகுதான் இந்த வேகம் கைக்கு வந்தது. எத்தனையோ உயர்தரப் பிள்ளைகள் இதெல்லாம் எங்கே பயன்படும் மிஸ் என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே பயன்படுகிறது, பிள்ளைகளே.

ஒரே வரிசைக்கு மெஷின் திரும்பி வர எடுப்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவு நேரம். நுண்குழாயில் இரத்தம் வினாடிக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் ஓடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு சிவப்பணு 5 முதல் 10 மைக்ரோமீற்றர் நகர்ந்திருக்கும். அதன் விட்டமே 7, 8 மைக்ரோமீற்றர். தன் உடம்பளவு நகர்ந்தால் போதும், மெஷின் கண்டுபிடித்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குறைகளைப் பற்றிச் சொல்லும்போது திரும்பத் தேவைப்படும்.

என் படங்களைத் திரையில் பார்த்தபோது பேச்சு வரவில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாக நுண்குழாய்கள், பெரியதிலிருந்து பிரிந்து, பிரிந்ததிலிருந்து இன்னும் மெலிந்து, நடுவில் ஒரு சின்ன இருண்ட வட்டத்தைச் சுற்றி வந்து நிற்கின்றன. அந்த வட்டத்தில் இரத்தக்குழாய் இருக்காது, எல்லோருக்கும் அப்படித்தான். நாங்கள் எழுத்து வாசிப்பதும் முகம் பார்ப்பதும் அந்த இடத்தால்தான், ஒளிக்கு எதுவும் குறுக்கே வரக்கூடாது என்பதற்காகக் குழாய்கள் விலகி நிற்கின்றன. சாதாரணமாக அது அரை மில்லிமீற்றர் அகலம். நீரிழிவில் அதன் ஓரத்துக் குழாய்கள் அடைபட்டால் வட்டம் பெருக்கும், விளிம்பு பிய்ந்ததுபோல் ஆகும். என்னுடையது ஒழுங்காக இருந்தது. இடது கண்ணில் மட்டும் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி, கவனிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

தம்பியின் வலது கண் அப்படி இல்லை. நடு வட்டத்துக்கு வெளியே, மூக்குப் பக்கமாக, ஒரு துண்டு நிலம் இருண்டு கிடந்தது. சுற்றிவர வலை இருக்கிறது, அந்த இடத்தில் இல்லை. அவன் திரையை நீண்ட நேரம் பார்த்தான். "இதில இரத்தம் போகேல்லையா டொக்டர்?" என்று கேட்டான். போகவில்லை என்றார் டொக்டர், சுற்றி வளைக்காமல். சீனி கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்று எத்தனையோ ஆண்டு கேட்டுச் சலித்துப்போன ஆளுக்கு, தன் கண்ணுக்குள் இரத்தம் வராத இடம் ஒன்றைத் தானே பார்த்தது வேறு விதமாக உறைத்தது. கடையில் நாள் முழுக்கக் குடிக்கிற சீனி போட்ட தேத்தண்ணியை அந்தக் கிழமையே விட்டான். எனக்கு இந்த ஸ்கேன் அந்த ஒன்றுக்காகவே பெறுமதியானது.

இனிக் குறைகள். முதலில் ஸ்கேன் முறைக்கே உள்ளவை, இவை எந்த ஊரில் எடுத்தாலும் உண்டு.

இது ஓட்டத்தைத்தான் காட்டும், கசிவைக் காட்டாது. சாயச் சோதனையில் குழாய்ச் சுவர் ஓட்டையாகியிருந்தால் சாயம் வெளியே ஊறிப் பரவுவது தெரியும். இங்கே ஏற்றுவதற்குச் சாயமே இல்லை, ஆகவே கசிவும் தெரியாது. நடுவிடத்தில் நீர் கோத்து வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண ஓசிடி வெட்டுமுகப் படம் இருக்கிறது, அதையும் கூடவே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது, மிக மெதுவாக ஓடுகிற இரத்தம். வினாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரத்துக்குள் அசைவு போதாவிட்டால் மெஷினுக்கு அது பாறைதான். நுண்குழாய்களின் புடைப்புகள் சிலவற்றில் இரத்தம் தேங்கிச் சுழலும், அவை படத்தில் விழாமலே போகலாம். படத்தில் இருட்டாக இருக்கிற இடமெல்லாம் செத்த இடம் என்றும் கொள்ளக்கூடாது. வெண்புரை, கண்ணுக்குள் மிதக்கிற துகள் போன்றவற்றின் நிழலும் இருட்டாகத்தான் விழும். திருக்கடலூர் ஐயாவின் படம் கடைசிவரை தெளியாததற்கு வெண்புரைதான் காரணம், முதலில் அதை எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

பிறகு பரப்பு. 3 மில்லிமீற்றர் அல்லது 6 மில்லிமீற்றர் சதுரம் என்பது விழித்திரையின் நடுப்பகுதி மட்டும். நீரிழிவு ஓரங்களிலும் வேலை செய்யும். அதனால்தான் டொக்டர் தம்பியிடம், ஓரங்களைப் பார்க்கச் சாயச் சோதனையும் வேண்டும், கொழும்புக்குக் கடிதம் தருகிறேன் என்றார். நான் பயந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை டொக்டர் வாந்தி வரலாம், தோல் மஞ்சளாகும், சிறுநீர் நிறம் மாறும், ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். தம்பி சரி என்று தலையாட்டினான். முதலாவது இடத்தில் கிடைக்காமல் போனது இந்த விளக்கம்தான்.

இன்னொரு கேள்வி எனக்குள் இருந்தது. இந்தப் படம் இரத்தம் ஓடுகிறதா இல்லையா என்று சொல்கிறதே, எவ்வளவு வேகமாக ஓடுகிறது, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது எப்படி ஏறி இறங்குகிறது என்று சொல்லாதா? சொல்லாது. அதற்கு வேறு மெஷின்கள் உலகத்தில் இருக்கின்றன. லேசர் பேனையைச் சுவரில் அடித்தால் ஒளி மணி மணியாக மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் ஓடுகிற இடத்தில் அந்த மணிகள் கலைந்து மங்கும், வேகம் கூடக்கூட இன்னும் மங்கும். ஜப்பானில் இதை வைத்து வினாடிக்கு 30 படம் வீதம் நான்கு வினாடி எடுத்து, இதயத் துடிப்போடு ஓட்டம் ஏறி இறங்குவதைக் காட்டுகிறார்கள். பாரிஸில் 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னன் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய கான்ஸ் வான் வைத்தியசாலையில் இன்னும் வேகமாகப் போகிறார்கள். கண்ணிலிருந்து சிதறி வருகிற லேசர் ஒளியில் டொப்ளர் விளைவால், அதாவது ஒளியைச் சிதறடிக்கிற இரத்த அணுக்கள் அசைவதால், வருகிற அதிர்வெண் மாற்றம் பல ஆயிரம் ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்குப் பல ஆயிரம் அதிர்வு. ஓர் அதிர்வைப் பிடிக்க அதன் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வினாடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கிற கமராவை வைத்து, கண்ணிலிருந்து வருகிற ஒளி இன்னோர் ஒளியோடு சேர்ந்து பதிகிற கோலங்களான ஹோலோகிராம்களைக் கணினியால் கூட்டி, விழித்திரையில் நாடி துடிப்பதையே படமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். துடிப்பின் வடிவத்தை வைத்து எது இரத்தத்தைக் கொண்டு வருகிற நாடி, எது திருப்பி எடுத்துப் போகிற நாளம் என்று பிரித்தும் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கிளினிக்குக்கு அதெல்லாம் எப்போது வரும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இப்போது எடுக்கிற ஸ்கேன் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிற குழாயில் இரத்தம் வேகமாக ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். கூடத்தில் ஒருவர் அப்படித்தான் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

விஷயத்தை விட்டு ஒரு சின்ன விலகல். மெஷினே இல்லாமல் உங்கள் கண்ணின் இரத்தவோட்டத்தை நீங்களே பார்க்கலாம். டச் பே கடற்கரையில் நின்று, சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, மேகமில்லாத நீல வானத்தை வெறித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் வளைந்து வளைந்து ஓடும். அவை உங்கள் வெள்ளையணுக்கள். சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சிவிடும், வெள்ளையணு விட்டுவிடும், ஆகவே அது போகிற இடத்தில் ஒளி கூடுகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்தபடி பார்த்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் அவை ஒரு உந்து உந்திப் போவது தெரியும். ஜெர்மனியக் கண் வைத்தியர் ரிச்சர்ட் ஷேரர் 1924இல் இதை எழுதியிருக்கிறார். என் மாணவர்களை மணலில் நிற்க வைத்துக் காட்டியிருக்கிறேன், முதலில் கண்டவள் போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. சூரியனை மட்டும் பார்த்துவிடக்கூடாது. இது நோய் பார்க்கிற சோதனையும் இல்லை, தெரிகிறது என்பதற்காகக் கண் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, நிலையத்தின் குறைகளுக்கு வருகிறேன். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி, எந்தக் கண், என்ன தெரிகிறது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஒரு அச்சடித்த தாள் போதும். இதை அங்கே நேரிலும் சொன்னேன், மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்கள். அடுத்தது, படத்தைச் சாதாரணக் கடதாசியில் அடித்துத் தருகிறார்கள். திரையில் அத்தனை தெளிவாக இருந்த நுண்வலை கடதாசியில் மை படிந்து கறுப்பாகிவிடுகிறது. வேறு டொக்டரிடம் காட்டினால் அதை வைத்து அவர் எதுவும் சொல்ல முடியாது. நான் கேட்ட பிறகுதான் கோப்பாக என் பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள், மறுக்காமல் தந்தார்கள், மேலதிகமாகக் காசு கேட்கவும் இல்லை. நீங்களும் பென்டிரைவ் கொண்டு போய்க் கேளுங்கள். டொக்டருடன் கிடைக்கிற நேரமும் குறைவு. தம்பிக்கு நன்றாக விளங்கப்படுத்தினார் என்று எழுதினேன், அது நாங்கள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டதால் கிடைத்தது. கேட்கத் தெரியாமல், கேட்கக் கூச்சப்பட்டு, "எல்லாம் ஓகேயா டொக்டர்" என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பிப் போனவர்களையும் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வாசற்படி உயரம், ஓட்டோ நிறுத்துகிற இடத்திலிருந்து தூக்கித்தான் கொண்டு வர வேண்டும்.

கட்டணம் குறைவு என்று சொல்லமாட்டேன். கூலிக்கு வேலை செய்கிறவருக்குப் பாரம்தான். ஆனால் கொழும்புக்கு வேன் பிடித்து, ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, ஒரு இரவு தங்கி வருகிற செலவோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கிற பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு தரமாவது செய்துகொள்ளுங்கள், அதற்குக் காசில்லை. இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே முதல் பரிசோதனையைச் செய்ய வேண்டும், பார்வை மங்கும்வரை காத்திருக்கக்கூடாது. அங்கே ஏதாவது சந்தேகம் என்று சொன்னால் அப்போது இந்த ஸ்கேனுக்குப் போங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் ஆசைக்காகக் காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

திரும்ப எடுக்கும்போது அதே மெஷினில், அதே அளவுச் சதுரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீற்றர்ப் படத்தையும் 6 மில்லிமீற்றர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பிட முடியாது. படத்தின் ஓரத்தில் தரத்துக்கு ஓர் எண் போட்டிருக்கும், அது குறைவாக இருந்தால் கண்ணீர்த் துளிமருந்து விட்டு இன்னொரு தரம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், அந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லாது. காலை நேரமே எடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு கூடம் நிறைந்துவிடும், அதோடு மூதூர், கிண்ணியாப் பக்கம் போகிறவர்கள் விரிந்த கண்ணோடு இருட்டில் பஸ் தேட வேண்டியும் வராது.